விசில் வாரம்

ஜூலை 20, சனி

இன்று காலைப் பயிற்சியில் முப்பிடாதியின் உதடு கிழிந்தது. என் முழங்கை பட்டுவிட்டதாம். முழங்கை அது இருந்த இடத்தில்தான் இருந்தது, அவள்தான் வாயோடு வந்து மோதினாள். ஐஸ் வைத்துவிட்டேன். மெஸ்ஸில் என் பங்கு ஆம்லெட்டையும் கொடுத்தேன். அவளால் மெல்ல முடியவில்லை, கடைசியில் நானே தின்றேன். மூன்று வருஷமாக ஒரே ஹாஸ்டல் அறையில் கிடக்கிறோம், இதற்கெல்லாம் முகத்தைத் தூக்கினால் எப்படி?

மத்தியானம் கடையாலூர் கல்லூரியில் பொருநைக் கோப்பைக் கூட்டம். எங்கள் புளியங்கரைக் கல்லூரியின் சார்பில் நானும் பி.டி. தங்கபுஷ்பம் மிஸ்ஸும் போனோம். கல்லூரிக்கு ஒரு ஓட்டு, அதைக் கேப்டன்தான் போட வேண்டும் என்பது ஆரம்பத்திலிருந்தே உள்ள வழக்கம். பி.டி.க்கள் கையில் விட்டால் அடிதடியில்தான் முடியும் என்று மிஸ்ஸே சொல்வார்.

பேச்சு இதுதான். ஐந்து பெண்கள் கல்லூரிகள் ஆடுகிற கபடி லீக் எங்களுடையது. மணல்விளை பொறியியல் கல்லூரி ஆறாவதாகச் சேர வேண்டும் என்கிறது. புது மேட் தருகிறார்கள், விளக்கு போடுகிறார்கள், எல்லா மேட்சையும் யூடியூபில் காட்டுவார்களாம். அவர்களுடைய இயக்குநர் கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஜூலை வெயிலில் கோட்டு! அவரைப் பார்த்ததும் எனக்கே வேர்த்தது.

ஐந்து அணி என்பதால் இதுவரை சனிக்கிழமைதோறும் நாலு அணி ஆடும், ஒன்று சும்மா இருக்கும். சும்மா இருக்கிற அணி அன்றைய இரண்டு மேட்சுக்கும் விசில் ஊத வேண்டும், எல்லைக்கோட்டில் நிற்க வேண்டும், மத்தியானம் ஆடினவர்கள் அத்தனை பேருக்கும் தயிர்சாதம் பரிமாற வேண்டும். அதற்கு விசில் வாரம் என்று பேர். எனக்கு அதைக் கண்டாலே எரிச்சல். கரண்டி பிடிக்கவா கபடிக்கு வந்தேன்?

கடையாலூர் கேப்டன் ரிஃபா மட்டும் எழுந்து கேட்டாள். "சார், ஆறு டீம் ஆயிட்டுன்னா எல்லாரும் ஆடுவோம். அப்ப விசில் யாரு ஊதுவா?"

"வெளியூர்ல இருந்து நடுவர்கள் வருவாங்கம்மா. நீங்க கவலையே படாண்டாம்" என்றார் கோட்டுக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். விசில் ஊத ஆளா கிடைக்காது?

ஓட்டு இரண்டுக்கு இரண்டு என்று நின்றது. மிச்சம் நான்தான். அக்டோபர் கடைசி சனிக்கிழமை, லீக்கின் கடைசி நாளன்று, போலீஸ் அணிக்கு ஆள் எடுக்க வருகிறார்கள். முதல் மூன்று இடத்தில் உள்ள அணிகள்தான் அன்றைக்கு ஆடும். எனக்கு அந்த வேலை வேண்டும். முப்பிடாதிக்கும் வேண்டும். அதற்கு மேட்ச் வேண்டும், சும்மா உட்காரக் கூடாது. கையைத் தூக்கினேன்.

வெளியே வரும்போது ரிஃபா சொன்னாள்: "ஏட்டி கனி, நீ நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சிருக்க. எனக்குத்தான் வயித்தக் கலக்குது."

"அப்ப ஓம வாட்டர் குடி" என்றேன்.


ஆகஸ்ட் 3

மேட் வந்துவிட்டது. நீலக் கலர். இறக்கி, விரித்து, தூசி தட்டி இடுப்பு ஒடிந்தது. இரண்டு ஜெர்சி துவைத்தேன், சாயம் போகிறது.


ஆகஸ்ட் 10, சனி

முதல் மேட்ச். நெடுங்குளத்தை ஜெயித்தோம்.

நடுவர் நல்ல உயரம், வெள்ளைச் சட்டை. எங்கள் யார் பேரும் அவருக்குத் தெரியாது. நெடுங்குளத்துப் பெண் ஒருத்தி என் விலாவில் முழங்காலால் இடித்தாள். இடித்துவிட்டுப் பழக்கதோஷத்தில் நடுவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த முறை இடித்தபோது அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் விடவில்லை, அவள் கபடி பாடி வந்தபோது மேட்டில் முகம் தேய இழுத்துப் போட்டேன். கன்னம் தோல் உரிந்துவிட்டது. புது மேட் கொஞ்சம் சொரசொரப்புதான்.

சாப்பாடு பொட்டலத்தில் வந்தது. அவரவர் பஸ்ஸில் உட்கார்ந்து தின்றோம்.

போன வருஷம் ஒரு கூத்து நடந்தது. கடையாலூர்ப் பெண் ஒருத்தியின் விரலை நான் முறுக்கிவிட்டேன், வீங்கிப் போனது. அடுத்த சனிக்கிழமை கடையாலூருக்கு விசில் வாரம், எங்கள் மேட்சுக்கு ரிஃபாதான் விசில். பொய்யாக ஒன்றும் ஊதவில்லை, ஆனால் நான் மயிரிழை தப்பு செய்தாலும் ஊதினாள். மத்தியானம் வரிசையில் தட்டை நீட்டினேன். தயிர்சாதம் போட்டாள். ஊறுகாய் வைக்கவில்லை. பின்னால் நின்ற எல்லாருக்கும் வைத்தாள், எனக்கு மட்டும் இல்லை. மானம் போனது. மறுநாளே அரைக் கிலோ அல்வா வாங்கிக்கொண்டு அந்த விரல்காரியைப் பார்க்கப் போனேன். அதற்கப்புறம்தான் என் தட்டுக்கு ஊறுகாய் வந்தது. அந்தத் தொல்லை எல்லாம் இந்த வருஷம் கிடையாது.


ஆகஸ்ட் 17, சனி

மணல்விளையிடம் தோற்றோம். நல்ல தோல்வி, ஒளிக்க ஒன்றுமில்லை.

பிரிசில்லா என்று ஒருத்தி. கடற்கரைப் பெண், இரண்டாம் வருஷம். பாடி வரும்போது உடம்பில் எலும்பே இல்லாத மாதிரி வளைகிறாள். நான் இடது கார்னர். ஐந்து வருஷமாகக் கணுக்கால் பிடிக்கிறவள். என் கைக்குள் வந்த கணுக்கால் வெளியே போனதில்லை. இன்று போனது, திரும்பத் திரும்பப் போனது. கடைசி முறை நான் குப்புற விழுந்து கிடந்தேன். அவள் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்து கை கொடுத்துத் தூக்கினாள்.

"அக்கா, ஒங்க பிடி பயங்கரமா இருக்குக்கா. கால் இன்னும் வலிக்கி."

யாருக்கு யார் அக்கா? தூக்கிவிட வந்துவிட்டாள். அவள் ஏதாவது கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் ராத்திரி தூக்கம் வந்திருக்கும்.


ஆகஸ்ட் 31, சனி

முப்பிடாதிக்கு மூக்கு உடைந்தது.

செய்தது மணல்விளை இல்லை. கடையாலூர். ரிஃபா.

முப்பிடாதி பாடிப் போனாள். ரிஃபா வளைத்துப் பிடிக்கும்போது முழங்கையை உயர்த்தினாள், நான் நேராகப் பார்த்தேன். காய்ந்த விறகு ஒடிகிற சத்தம். முப்பிடாதி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தினாள், விரல் இடுக்கெல்லாம் ரத்தம். நீல மேட்டில் ரத்தம் கறுப்பாகத் தெரிகிறது. நடுவர் துண்டால் துடைக்கச் சொல்லிவிட்டு, "மாற்று ஆள், மாற்று ஆள், நேரமாகுது" என்றார். அட்டை ஒன்றும் காட்டவில்லை.

மேட்ச் முடிந்ததும் அவர்கள் பஸ்ஸுக்குப் போனேன். ரிஃபாவை ஒரு அறைதான் அறைய நினைத்தேன், இரண்டாவது தானாக வந்தது. அவள் என் முடியைக் கொத்தாகப் பிடித்து என் நெற்றியை பஸ் கதவில் மோதினாள். நான் அவள் கையைக் கடித்தேன். உப்புக் கரித்தது. இரண்டு அணியும் செருப்பும் தண்ணீர் பாட்டிலுமாக அடித்துக்கொண்டோம். கண்டக்டர்தான் பிரித்துவிட்டார்.

"மூக்கப் பாத்தா இடிச்சேன்? வேணும்னா செஞ்சேன்?" என்று கத்தினாள் ரிஃபா. அழுதுகொண்டே கத்தினாள். "நான் பாடி வந்தா நீ எனக்கு ரெண்டு மடங்கு குடுப்பன்னு தெரியும்லா. அதான் முந்திக்கிட்டேன்!"

நான் இனிமேல் செய்யப் போவதற்காக, பாடி வந்த முப்பிடாதியை உடைத்தாளாம். என்ன நியாயம் இது?

ராத்திரி முப்பிடாதி வாயால் மூச்சு விட்டுத் தூங்குகிறாள். என் நெற்றி புடைத்திருக்கிறது. திங்கட்கிழமை உள்தேர்வு, முகலாயர் வரி முறை. ஒரு வரி ஏறவில்லை.


செப்டம்பர் 7

நெடுங்குளத்தில் ஒருத்திக்குக் காறையெலும்பு முறிவு. இன்னொருத்திக்கு முன்பல் போச்சு. எங்கள் வலது கார்னருக்குக் கட்டைவிரல் பிசகல். தண்ணீர் மோட்டார் பழுது, குளிக்கவில்லை.


செப்டம்பர் 14, சனி

ஜெயித்தோம். எப்படி என்று எழுதப் பிடிக்கவில்லை.

இந்த வருஷம் அடிபட்டவர்களை மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். ஒருத்தரைக்கூட மணல்விளைக்காரிகள் அடிக்கவில்லை. பழைய ஐந்து பேரும்தான் ஒருத்தரை ஒருத்தர் உடைத்துக்கொண்டிருக்கிறோம். வந்தவர்கள் சட்டப்படி ஆடி, சட்டப்படி ஜெயித்து, மேலே போய் உட்கார்ந்துவிட்டார்கள். அதனாலேயே அவர்கள்மேல் ஆத்திரமாக வருகிறது.

மிஸ்ஸிடம் கேட்டேன், சேர்த்தது நமக்கு லாபமா நஷ்டமா என்று.

"மேட்டு வந்திருக்கு, லைட்டு வந்திருக்கு, மேட்சு கூடிருக்கு. லாபம்தானட்டி" என்றார். போனை எடுத்துப் பார்த்துவிட்டு, "முந்தி நீங்க அடிச்சுக்கிட்டா சாயங்காலம் எனக்கு மத்த பி.டி. மாருட்ட இருந்து போன் வரும். இப்ப ஒருத்தரும் கூப்பிட மாட்டேங்காவ" என்றார்.


செப்டம்பர் 21, சனி

நாங்கள் நாலாவது இடம். அடுத்த வாரம் மணல்விளையைத் திருப்பி ஜெயித்தால் மூன்றாவது. தோற்றால் கடைசி நாள் கிடையாது, போலீஸ்காரர்கள் எங்களைப் பார்க்கவே மாட்டார்கள்.

முப்பிடாதி மூக்கில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு ஆட வருகிறாள். டாக்டர் வேண்டாம் என்றார். "மூக்கு போனா போவுது, வேல போனா வருமா?" என்கிறாள். அவள் வீட்டில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். இந்த வேலை கிடைத்தால் கல்யாணத்தைத் தள்ளிப் போடலாம் என்பது அவள் கணக்கு. பாவம், என்னைவிட அவளுக்குத்தான் அவசரம்.

பெண்களை உட்கார வைத்துச் சொன்னேன். "பிரிசில்லாவப் பிடிச்சா விடாதிய. நடுவரு சாயங்காலம் பஸ் ஏறிப் போயிருவாரு. அவரு நம்மளத் திரும்பவா பாக்கப் போறாரு?"

மிஸ் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். குனிந்து ஷூ லேஸைக் கட்டினார். கட்டியிருந்ததை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார்.

பயிற்சியில் என்னை நிற்க வைத்துச் சின்னப் பெண்களுக்குப் பாடம் எடுத்தார், எப்போதும் சொல்கிற பாடம்தான். "கனியப் பாருங்க. எவ்வளவு கூச்சல்லயும் விசில் அவ காதுல விழும். விசில்ல காத்து ஏறுமுன்ன கை விட்டிரும்." இன்று ஏனோ என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.


செப்டம்பர் 28, சனி

விசில் கேட்கவில்லை.


செப்டம்பர் 29

நிதானமாக எழுதி வைக்கிறேன். நாளைக்கு யார் கேட்டாலும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும்.

முடிய இரண்டு நிமிஷம், ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். பிரிசில்லா பாடி வந்தாள். என் பக்கம் காலை நீட்டினாள். இந்த முறை முழுக் கணுக்காலும் என் இரண்டு கைக்குள் வந்தது. அவள் விழுந்தாள். முப்பிடாதி மேலே விழுந்து அமுக்கினாள். பிடி முடிந்தது, எங்களுக்குப் புள்ளி. முப்பிடாதி எழுந்துவிட்டாள். மற்றவர்களும் எழுந்துவிட்டார்கள். கூட்டம் பெரிய சத்தம் போட்டது. சத்தத்தில் விசில் கேட்கவில்லை.

நான் காலை விடவில்லை. பிரிசில்லா திரும்பிப் பார்த்து, "அக்கா, விசில்" என்றாள். அவள் சொன்னது கேட்டது. நான் காலைத் திருகி உடம்போடு சேர்த்து உருண்டேன். முட்டியில் துணி கிழிகிற மாதிரி சத்தம். பாதம் இருக்க வேண்டிய பக்கம் இல்லை. ஒரு நொடி அவள் கத்தவே இல்லை, வாய் மட்டும் திறந்திருந்தது. அப்புறம் கத்தினாள். இன்னும் என் காதில் இருக்கிறது.

அதற்கப்புறம் மேட்டில் யார் யாரை அடித்தார்கள் என்று தெரியாது. யாரோ என் முதுகில் நாற்காலியால் போட்டார்கள். மணல்விளைப் பெண் ஒருத்தி என் கழுத்தைப் பிடித்து நெரித்தாள், நான் அவளைத் தடுக்கவில்லை. இத்தனை நாளில் அவர்கள் கை ஓங்கியது இதுதான் முதல் தடவை. கோட்டுக்காரர் வெறும் சட்டையோடு குறுக்கே ஓடிவந்தார், அவருக்கும் ஒரு குத்து விழுந்தது. அவருடைய கோட்டைப் பிரிசில்லாவுக்குப் போர்த்தியிருந்தார்கள்.

நடுவர் சிவப்பு அட்டையை என்னிடம் நீட்டினார். "என்னம்மா ஒன் பேரு?" என்று கேட்டார்.


அக்டோபர் 1

முட்டிக்குள் இரண்டு தசைநார் அறுந்துவிட்டது என்று மிஸ் சொன்னார். ஆபரேஷன். திரும்ப ஆட முடியுமா என்று டாக்டர்கள் சொல்லவில்லையாம். பிரிசில்லாவையும் போலீஸ் அணிக்குப் பார்த்து வைத்திருந்தார்களாம்.

ஜெர்சியை நனைத்துப் போட்டேன். பாய் உதறினேன். மெஸ்ஸில் கத்தரிக்காய்.

முப்பிடாதி கேட்டாள். "எனக்குக் கேட்டுச்சு. எல்லாருக்கும் கேட்டுச்சு. ஒனக்கா கேக்கல?"

"கேக்கல."

அவள் டிரங்குப் பெட்டியை எடுத்தாள், வாளியை எடுத்தாள், கடைசி அறைக்குப் போய்விட்டாள். என் சோப்புப் பெட்டியைத் தவறி எடுத்துப் போயிருந்தாள். அரை மணி கழித்துக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனாள்.


அக்டோபர் 5, சனி

கூட்டம். எங்களுக்கு ஓட்டு இல்லை, சுவரோரம் நிற்க வைத்தார்கள். புளியங்கரையை லீக்கிலிருந்து நீக்கலாமா கூடாதா என்பதுதான் விஷயம். என்னை மட்டும் நீக்குங்கள் என்று மிஸ் கெஞ்சினார். மிஸ் கெஞ்சி நான் பார்த்ததில்லை, எங்காவது போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் பிடித்தால் விடாதே என்று நான் எங்கள் அணிக்குச் சொன்னது வெளியே தெரிந்திருந்தது. எங்கள் பெண் ஒருத்தியே சொல்லியிருக்கிறாள்.

மணல்விளை ஓட்டுப் போடவில்லை. "நாங்க புதுசு. பழைய ஆளுங்க முடிவு பண்ணட்டும்" என்றார் அவர்களுடைய இயக்குநர். கண்ணுக்குக் கீழே இன்னும் கன்றியிருந்தது.

நெடுங்குளம் கை தூக்கியது. மற்ற இரண்டும் தூக்கின. எத்தனை வருஷம் சேர்ந்து தயிர்சாதம் தின்றவர்கள்! ரிஃபா கடைசி. அவள் கையில் என் பல் தடம் இன்னும் லேசாகத் தெரிந்தது.

"முப்பிடாதி மூக்க நான் ஒடச்சேன். அன்னைக்கு எங்கள ஒருத்தரும் கேக்கல. கேட்டிருந்தா இது நடந்திருக்காது" என்றாள். சொல்லிவிட்டுக் கையைத் தூக்கினாள்.

படியில் இறங்கும்போது என் பக்கத்தில் வந்தாள். "இப்ப மறுபடி அஞ்சு டீம். வெளியூர் நடுவரு வேண்டாம்னு சொல்லியாச்சு. வார சனிக்கிழம மணல்விளைக்கு விசில் வாரம்."

ஆறாவது ஆளைக் கூட்டி வந்தது என் கை. ஐந்து ஐந்தாகவே இருக்கிறது, நாங்கள்தான் இல்லை.

போலீஸ் தேர்வு முப்பிடாதிக்கும் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. அவளும் மூக்கில் பிளாஸ்டரோடு சுவரோரம்தான் நின்றுகொண்டிருந்தாள்.


அக்டோபர் 12, சனி

இருப்புக் கொள்ளவில்லை. பஸ் ஏறிக் கடையாலூர் போனேன். கிரவுண்டுக்குள் போகவில்லை, ரோட்டோரக் காம்பவுண்ட் சுவரில் ஏறி உட்கார்ந்தேன். பின்னால் மணல் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின.

கடையாலூரும் நெடுங்குளமும் ஆடின. நடுக்கோட்டுப் பக்கம் ஒரு நாற்காலி, அதன்மேல் பிரிசில்லா. கால் முழுக்கக் கட்டு, இன்னொரு நாற்காலியில் நீட்டி வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஊன்றுகோல். வாயில் விசில்.

நெடுங்குளத்துக் கார்னர் ஒரு கணுக்காலைப் பிடித்தாள். கூட்டம் கத்தியது. பிரிசில்லா ஊதினாள். அந்தப் பெண் கையைச் சுட்டுக்கொண்டவள் போலக் காலை விட்டாள். விட்டுவிட்டு நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள்.

கூட்டம் அன்றைக்கு மாதிரிதான் கத்தியது. மைதானம் அந்தக் கோடியில், நான் இந்தக் கோடியில், நடுவே லாரிச் சத்தம் வேறு. விசில் தெளிவாகக் கேட்டது. ஒவ்வொரு தடவையும் கேட்டது. ஒவ்வொரு தடவையும் மடியில் கிடந்த என் கை தானாக விரிந்தது.

மத்தியானம் மணல்விளைப் பெண்கள் பரிமாறினார்கள். எழுந்து போய்விட நினைத்தேன். அதற்குள் ரிஃபா ஒரு தட்டோடு வெயிலில் நடந்து வந்து சுவரில் வைத்தாள்.

"பிரிசில்லா குடுத்துவிட்டா. நாங் கேக்கல, விசில் வார வழக்கமெல்லாம் விசாரிச்சு அவளே போட்டா."

தயிர்சாதம். கொத்தமல்லி தூவியிருந்தது. தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

ஊறுகாய் இல்லை.

வாய்விட்டு அழுதேன், ரோட்டில் போகிறவர்கள் பார்க்கிறார்கள் என்றுகூடத் தோன்றவில்லை. ரிஃபா நான் சாப்பிட்டு முடிக்கும்வரை நின்று, தட்டை வாங்கிக்கொண்டு போனாள்.